‘டி’ எஞ்சின் போகக்கூடாத பாதை

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னிடம் முதலில் பேசியவர் ஒரு நிலத் தரகர். என் பெட்டியில் தொங்கிய விமானக் கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்து வந்தார்.

"ஃபாரினாம்மா? ரோட்டு மேலயே அஞ்சு ஏக்கர் கீது. கம்பெனிங்கல்லாம் வரப்போவுதுன்றாங்க. இப்பவே வாங்கிப் போட்டுடுங்க."

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை வாங்கப் போகிறேன் என்றேன்.

"அப்ப இங்க இன்னாத்துக்கு எறங்கினீங்க?"

நியாயமான கேள்விதான். சிரித்து வைத்தேன்.

1991 டிசம்பர் அது. தைப்பிங்கில் என் தங்கையிடமும் புடவைக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தங்குவேன் என்றதும் அவள் முகம் மாறியது. அந்த ஆண்டு மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர் மலேசியாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். "வேற ஊரே கிடைக்கலியா உனக்கு?" என்றாள். நான் தங்கிய லாட்ஜிலும் அந்தப் பயம் இன்னும் ஓயவில்லை. மேனேஜர் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "தனியாவா வந்துகிறீங்க?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

கீழே காப்பிக் கடை. எங்கள் ஊரில் கோப்பி பெரிய கோப்பை நிறைய வரும், அடியில் கெட்டிப்பால் கிடக்கும், அரைமணி நேரம் பேசிக்கொண்டே குடிக்கலாம். இங்கே மூன்று வாயில் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று வாயும் அருமை. இன்னொன்று வாங்கிக் குடித்துவிட்டு அறைக்குப் போய்க் கைப்பையைத் திறந்து பார்த்தேன். பழுப்பேறிய கார்பன் நகல் பத்திரமாக இருந்தது.

நான் வந்தது பக்கத்தில் இருக்கும் பென்னலூரில் சவரிமுத்து என்ற எஞ்சின் டிரைவரைப் பார்க்க. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவருடைய விலாசத்தைக் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து எழுதி எடுத்து முப்பது வருடம் ஆகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாயாவில் ஒரு சுரங்கக் கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்பெனிக்குச் சொந்தமாக ரயில்பாதையும் நீராவி எஞ்சின்களும் இருந்தன. வெட்டி எடுத்த தாது மண்ணை ஆற்றுத்துறைக்குக் கொண்டுபோக ஒரு பெரிய பாதை. அதிலிருந்து காட்டுக்குள்ளும் சதுப்புக்குள்ளும் பிரிந்து போகும் கிளைகள். எல்லா எஞ்சினும் எல்லாக் கிளையிலும் போகக்கூடாது. எந்தக் கிளையில் எது போகக்கூடாது என்று ஒரு பட்டியல் அடித்து ஷெட்டில் மாட்டுவோம்.

ஏன் அப்படி என்று வரைபட அறையில் இருந்த சீனக் கிழவரிடம் ஒருமுறை கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு போவேன். மழை பெய்த முற்றத்தில் என் குதிகால் சேற்றில் புதைந்துவிடும். என்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள கூலியாள், தலையில் மூட்டையோடு, வெறுங்காலில் அதே சேற்றில் நடந்து போவான். கிழவர் அதைத்தான் காட்டினார். "எடை எவ்வளவு என்பது மட்டும் பேச்சில்லை. அது எத்தனை கால்களில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்" என்றார். ஒரு எஞ்சினின் பாரம் முழுவதும் சில சக்கரங்களிலேயே இறங்கினால், மரப்பாலத்தில் அந்தச் சக்கரம் நிற்கும் உத்தரம் ஒடிந்துவிடும். பின்னால் வரும் நீண்ட வண்டித் தொடர் மொத்தத்தில் அதைவிடக் கனமாக இருந்தாலும் பாலம் தாங்கும். வேறு சில கிளைகளில் பாலம் நன்றாக இருக்கும், வளைவு சின்னதாக இருக்கும். வரிசையாகப் பெரிய சக்கரங்களைப் பூட்டிய எஞ்சின் அந்த வளைவில் திரும்பாமல் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும்.

அந்த வருடம் ‘டி’ என்று ஒரு புது வகை எஞ்சின் வந்தது. நல்ல கனம். பழைய பட்டியலைத் திருத்தி அடிக்கச் சொன்னார்கள். சதுப்புக் கிளைக்கு நேராக, "சி, டி எஞ்சின்கள் போகக்கூடாது" என்று கையெழுத்துப் படியில் இருந்தது. நான் ‘சி’யை மட்டும் அடித்தேன். ‘டி’ விட்டுப்போயிற்று. பசியா, அவசரமா, யாராவது கூப்பிட்டார்களா, இன்றுவரை யோசித்தும் நினைவில்லை.

சில நாள் கழித்து, சின்ன எஞ்சின் ரிப்பேர் என்று சவரிமுத்து ‘டி’ எஞ்சினைச் சதுப்புக் கிளையில் ஓட்டிப் போனார். மரப்பாலம் ஒடிந்தது. அவர் சேற்றில் எறியப்பட்டுப் பிழைத்தார். கூட இருந்த ஃபயர்மேன் அந்தோணி எஞ்சினுக்கு அடியில் போய்விட்டான். சவரிமுத்துவின் மனைவிக்குத் தம்பி அவன். இவர்தான் ஊரிலிருந்து வரவழைத்து வேலையில் சேர்த்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி என் மேஜைக்கு வந்தார். கையெழுத்துப் படியை எதிரே வைத்தார். "முழுசா அடி. பழைய தேதியே போடு" என்றார். அடித்தேன். அம்மாவும் மூன்று தங்கைகளும் என் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் அந்தப் புதுத் தாளைத்தான் காட்டினார்கள். சவரிமுத்து அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பாக்கல, தொர" என்றார். வேலை போயிற்று. ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

முதல் தாளின் கார்பன் நகல் என் மேஜை டிராயரில் கிடந்தது. கிழித்துப் போடவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

*

மறுநாள் காலை பென்னலூர். ஏரி நிரம்பி, தண்ணீர் ரோட்டோரம் வரை அடித்துக்கொண்டிருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. மலேயா டிரைவர் வீடு என்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழி காட்டிய பெண், காட்டிவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

ஓட்டு வீடு. கூரை முனையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்று தொங்கியது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சவரிமுத்துவின் மனைவி ஞானம்மா அவள்தான். மலேசியாவிலிருந்து வருகிறேன், அவர் வேலை செய்த கம்பெனி ஆபீசில் நானும் இருந்தேன் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"மலேயாவுலேருந்தா? உள்ள வா, குந்து. அவரு ஒரகடத்தாண்ட ரைஸ் மில்லுல கீறாரு. பாய்லருக்கு உமி தள்ளிகினு. இந்த வயசுல வேணாம்னா கேட்டாத்தான? சனிக்கெழமதான் வருவாரு."

பிள்ளைகள் இருவரும் மெட்ராஸில் வேலையில் இருக்கிறார்கள் என்றாள். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள். ஏரிக் கெண்டையில் குழம்பு, மாங்காய் போட்டு. எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப்பால் ஊற்றி எல்லாவற்றையும் சாந்தப்படுத்திவிடுவோம். இது நேராக நாக்கில் பேசியது. முள் அதிகம். தலையைக் குனிந்து சாப்பிட அது எனக்கு வசதியாக இருந்தது. ஏனென்றால் எதிர்ச் சுவரில் அந்தோணியின் படம் மாட்டியிருந்தது.

"எந்தம்பி. உனுக்குத் தெரியுமா அவன?" என்றாள்.

"பார்த்திருக்கேன்."

"இவர நம்பித்தான் அனுப்புனோம். பெரிய எஞ்சின ஓட்டிக் காட்டணும்னு ஆச. போவக்கூடாதுன்னு எழுதி மாட்டிக்கீது, அத்தக்கூடப் பாக்காம எடுத்துகினு போயிட்டாரு. எங்கம்மா சாவுற வரிக்கும் இவரு மூஞ்சில முழிக்கல. எங்கண்ணன் இதே தெருவுலதான் கீறாரு. முப்பது வருசமா இந்த வாசப்படி மிதிக்கல."

"நீங்க அவர்கிட்ட கேட்டதில்லையா?"

"வந்த அன்னிக்கே கேட்டேன். நான் பாக்கலன்னாரு. அதுக்கு மேல இன்னா கேக்கறது? ரெண்டு பசங்க. குடும்பத்த ஓட்டிகினோம்."

கைப்பை என் மடியில் இருந்தது. எடுத்துச் சொல்லிவிட்டால் முடிந்தது. வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, அவரை மில்லிலேயே போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அன்று முழுக்க லாட்ஜ் அறையில் படுத்துக் கிடந்தேன்.

*

மூன்றாம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் சிங்கப்பெருமாள் கோவில் பஸ் ஏறினேன். வழியில்தான் ஒரகடம். இரண்டு பக்கமும் வயல்களும் முட்காடும், நடுநடுவே யாரோ புதிதாகக் கட்டிய நீளமான மதில் சுவர்களும். சுவருக்கு உள்ளே ஒன்றுமில்லை, மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் பஸ் நின்றது. மழையில் அரித்துப் போன சிறுபாலம் ஒன்றின் மேல் பலகையும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள்.

"எல்லாம் எறங்கி நடங்க. வண்டி காலியாத்தான் போவும்," என்றார் கண்டக்டர்.

கூடைக்காரி ஒருத்தி, "நாங்க எறங்குனா பாலம் கெட்டியாயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

"முன்னாடி போன கல்லு லாரியாலதான் இந்த கதி. ஒனக்குப் போவணும்னா உள்ளயே குந்து. நான் எறங்கிக்கிறேன்," என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் இந்நேரம் அறிவிப்புப் பலகை வைத்து வேறு வழியாகத் திருப்பி விட்டிருப்பார்கள். இங்கே டிரைவரே இறங்கி, பலகை மேல் நின்று இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். வாய்க்காலுக்குள் இறங்கி அடியில் குனிந்தும் பார்த்தார். பிறகு ஏறி, ஆள் நடப்பதைவிட மெதுவாக வண்டியை நகர்த்தினார். பலகை வளைந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பி நின்றுகொண்டேன். "வண்டி தாண்டிடுச்சி, வா," என்று கூடைக்காரி என் தோளைத் தொட்ட பிறகுதான் நடந்தேன்.

ரைஸ் மில்லில் புழுங்கிய நெல் வாசனை. பாய்லருக்கு முன்னால் ஒல்லியான, உயரமான கிழவர் ஒருவர் உமியை அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் சாம்பல். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு, கமலமா? சைக்கிள்ல வருவியே?"

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ‘டி’யை விட்டது, மறுபடி அடித்தது, தேதி போட்டது, டிராயர். தாளை நீட்டினேன். வாங்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கையை நன்றாகக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். அப்போதும் வாங்கவில்லை.

"படிம்மா," என்றார்.

"சதுப்புக் கிளை. ‘சி’ எஞ்சின் போகக்கூடாது."

"‘டி’?"

"‘டி’ இல்ல."

"இன்னொரு தபா பாரு."

"இல்லங்க. இதுல இல்லவே இல்ல."

உமிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தீ அடங்குவதைப் பார்த்து மில் ஆள் ஒருவர் சத்தம் போட்டார். சவரிமுத்துவின் காதில் விழவில்லை.

"அன்னிக்கு எம்மச்சான் இப்டியேதான் படிச்சான்," என்றார். "எனுக்குப் படிக்க வராதும்மா. எஞ்சின் தொடச்சி, கரி போட்டு, டிரைவர் ஆனவன் நானு. வெளிய சொன்னா வேல போயிடும். அந்தோணி வந்தப்பறம் எல்லாம் அவன்தான் படிச்சிச் சொல்லுவான். அன்னிக்கும் படிச்சான். ‘நம்ம எஞ்சின் இதுல இல்ல மாமா, போலாம்’னான். போனேன்."

"அப்ப விசாரணையில..."

"இதோ எழுதிகீது பாருன்னாங்க. ‘டி’ன்ற எழுத்து எனுக்குத் தெரியும். மேல ஒண்ணு கீது, கீழ ஒண்ணு கீது. எது எந்த லைனுக்குன்னு தெரில. பையன் அவசரத்துல தப்பாப் படிச்சிட்டான்னு நெனச்சேன். செத்தவன் மேலயா பழியப் போடறது? நான் பாக்கலன்ட்டேன்."

"வீட்லயும் சொல்லலையா?"

"அவ தம்பிம்மா அவன். உன் தம்பி தப்பாப் படிச்சித்தான் செத்தான்னு அவகிட்ட எப்டிச் சொல்லுவேன்?" உமியை ஒரு கை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டார். "சில நாளு அவன் மேல கோவமாக்கூட வரும். ஏண்டா சரியாப் பாக்கலன்னு மனசுக்குள்ளயே திட்டுவேன். முப்பது வருசம் திட்டிகீறேன்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ ஏன் அப்பவே சொல்லல?"

"பயம்," என்றேன். வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

தலையை ஆட்டினார். "எங்கிட்ட சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல. வா. அவகிட்ட சொல்லு."

மில் ஆளிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். திரும்பும் பஸ்ஸும் அதே இடத்தில் காலியாகத்தான் போயிற்று. நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்து கடந்தோம்.

*

ஞானம்மா நின்றுகொண்டே கேட்டாள். நான் முடித்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "நீயா?" என்பதுதான்.

"நேத்து என் வூட்ல குந்திகினு சோறு துன்னியே. எந்தம்பி போட்டோவ வேற பாத்த. அப்ப சொல்றதுக்கு வாய் வரலியா உனுக்கு?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உனுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியாது."

"அங்கேருந்து கடுதாசி வருமே, டீச்சரம்மாகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லி நான் கேப்பனே, அதெல்லாம்?"

"அவன் வந்தப்பறம் வந்ததெல்லாம் அவன் எழுதனது. நான் சொல்லுவேன். நான் சொல்லாததையும் அவனே சேத்து எழுதிடுவான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அந்த வீட்டில் இருந்திருக்கவே கூடாத ஆள். ஆனாலும் போகச் சொல்லும் வரை போகக்கூடாது என்று நின்றேன்.

பிறகு என்னிடம் கேட்டாள். "அவன் கல்லற இன்னும் கீதா?"

"இருக்கு. கோயிலுக்குப் பின்னாடி, ரப்பர் மரத்துப் பக்கம். சுத்தமா வச்சிருக்காங்க. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏத்திட்டு வருவேன்."

"அங்க போயி அவன்கிட்ட சொன்னியா, நீதான்னு?"

"சொல்லியிருக்கேன்."

"இங்க வந்து சொல்றதுக்கு முப்பது வருசம்," என்றாள். அப்புறம், "உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனுக்கு வாய் வரல. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு ஏரோப்ளேன் ஏறிப் போயிட்டா ஆச்சா? ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி ஊரே கோயிலாண்ட நிக்கும். எங்கண்ணனும் நிப்பாரு. அங்க வந்து சொல்லு."

என் விமானம் சனிக்கிழமை. "இருக்கேன்," என்றேன்.

நடுவில் ஒருநாள் காஞ்சிபுரம் போய்ப் புடவை எடுத்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அரக்கா, மாம்பழ நிறமா என்று கேட்டார். இரண்டையும் கட்டச் சொல்லிவிட்டேன். அங்கேயே ஒரு டெலிபோன் கடையிலிருந்து தங்கையைக் கூப்பிட்டு, வர நாலு நாள் ஆகும் என்றேன். ஏன் என்று கேட்டாள். முதல் தடவையாக அவளிடமும் சொன்னேன். பிறகு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. சின்னக் கோயில். வாசலில் மூங்கில் கட்டி நட்சத்திரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்து வந்தவர்களை ஞானம்மாவே நிறுத்தினாள். "இந்தம்மா மலேயாவுலேருந்து வந்துகிறாங்க. ஒரு விஷயம் சொல்லணுமாம்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சொன்னேன். ஆபீசில் கற்றுக்கொண்ட நாசூக்கான வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. எந்த எஞ்சின் ஏன் அந்தப் பாலத்தில் போகக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்து, அதை எழுதாமல் விட்டது நான், எழுதியிருந்ததாகப் பொய்த்தாள் அடித்ததும் நான் என்பது வரை சொன்னேன். ஒரு பெண், "அடிப்பாவி!" என்று சத்தமாகவே சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் மட்டும் முன்னால் வந்தார். ஞானம்மாவின் அண்ணன். என் கையிலிருந்த தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. தாளை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அப்ப நீ ஏன்யா நான் பாக்கலன்னு சொன்ன?" என்று சவரிமுத்துவைக் கேட்டார். முப்பது வருடத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது என்று பிறகு எனக்குச் சொன்னார்கள்.

சவரிமுத்து ஊரைப் பார்த்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது," என்றார். "எம்மச்சான்தான் படிச்சான். சரியாத்தான் படிச்சான்."

ஞானம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு நடந்து போய் அவர் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.